அழகுக்கு எதிர்ச்சொல் அசிங்கமா?

கேட்டவரின் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ் பேசுவார்கள், பள்ளியில் தமிழ் படித்ததில்லை. கல்யாணமாகிக் கும்பகோணம் பக்கம் போயிருக்கிறார். தீபாவளிக்கு மாமியார் ஆசையாக எடுத்து வைத்திருந்த சேலையைப் பார்த்து, "சேலை நல்லாருக்கு அத்தை, பார்டர்தான் கொஞ்சம் அசிங்கமா இருக்கு" என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். அழகுக்கு எதிர்ச்சொல் அசிங்கம்தானே, இதில் என்ன தப்பு என்பது அவருடைய முதல் கேள்வி. அழகு, எழில், லட்சணம், களை எல்லாம் ஒன்றுதானா என்பது இரண்டாவது. யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி பரிமாறும்போது "வடிவாச் சாப்பிடுங்கோ" என்கிறாள், அழகாகச் சாப்பிடுவது எப்படி என்பது மூன்றாவது.

உங்கள் அத்தை வருத்தப்பட்டதில் நியாயம் இருக்கிறது. அசிங்கம் என்ற சொல் புழங்கும் இடங்களைப் பாருங்கள், புரிந்துவிடும். "குழந்தை பாயில அசிங்கம் பண்ணிடுச்சு." "வாசல்ல நாய் அசிங்கம் பண்ணி வச்சிருக்கு, பார்த்து வா." இங்கே அது மலத்துக்கு மாற்றுச் சொல். சபையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வதை நன்னூல் இடக்கரடக்கல் என்கிறது. அதற்கு இன்றைய உதாரணம் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். அப்புறம், "அசிங்க அசிங்கமாத் திட்டினான்" என்றால் கெட்ட வார்த்தை. "நாலு பேர் முன்னாடி அசிங்கப்படுத்திட்டான்" என்றால் அவமானம். "கடனைத் திருப்பிக் கேட்டு வீட்டு வாசல்ல வந்து நின்னான், அசிங்கமாப் போச்சு" என்றால் மானம் போன கதை. அழுக்கு, ஆபாசம், அவமானம் ஆகிய மூன்றும்தான் இந்தச் சொல்லின் குடியிருப்பு. பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பது அதில் கடைசியாக வந்து ஒட்டிக்கொண்ட சங்கதி. அதனால் ஆசையாக எடுத்து வந்த சேலையை அசிங்கம் என்றால், தொடக் கூசுகிறது என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். எடுத்து வந்தவருக்குச் சேலையைச் சொன்னதாகப் படாது, தன்னைச் சொன்னதாகத்தான் படும்.

பள்ளிக்கூடத்து எதிர்ச்சொல் பட்டியல் இதில் பெரிய குழப்பம் செய்திருக்கிறது. இரவுக்குப் பகல், மேடுக்குப் பள்ளம் என்று சொல்லிக்கொண்டே வந்து அழகுக்கும் ஒன்று வேண்டும் என்று எதையாவது எழுதிவிடுவார்கள். எழுத்தில் 'அழகின்மை' என்று ஒன்று உண்டு. அதை வாய்விட்டுச் சொன்ன ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

சரி, அந்த பார்டரை எப்படித்தான் சொல்வது? ஜவுளிக்கடையில் சேலையைப் பிரித்துப் போடுபவர் பேசுவதைக் கவனியுங்கள். "இந்தக் கலர் உங்களுக்கு நல்லா எடுக்கும்மா" என்பார். எடுப்பது என்றால் நிறமும் உடம்பும் சேர்ந்து தூக்கித் தெரிவது. எடுப்பு என்ற பெயர்ச்சொல்லும் அதுதான். பிடிக்கவில்லை என்றால், "எனக்கு எடுக்காதுங்க" என்று சொல்லிவிட்டு நகரலாம், குறை நம் மேல் வந்துவிடும், சேலைக்கும் கோபமில்லை கடைக்காரருக்கும் கோபமில்லை. நிறம் மிகுந்து கண்ணைக் கூச வைத்தால் "கலர் ரொம்ப அடிக்குது". உயிரில்லாமல் இருந்தால் "சப்புனு இருக்கு", "டல்லா இருக்கு". உடம்புக்கும் பார்டருக்கும் ஒட்டவில்லை என்றால் "பாந்தமா இல்ல". பாந்தம் என்ற இந்தச் சொல்லை நீங்கள் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும். ஒன்றுக்கொன்று இசைந்து, அடக்கமாக, உறுத்தாமல் இருப்பது பாந்தம். தஞ்சை மாவட்டத்து மாமியார்களிடம் அதற்கு நல்ல மதிப்பு உண்டு. "பார்டர் இன்னும் கொஞ்சம் சின்னதா இருந்தா எனக்குப் பாந்தமா இருக்கும் அத்தை" என்று சொல்லியிருந்தால், அடுத்த தீபாவளிக்கு உங்களையும் கடைக்கு அழைத்துக்கொண்டு போயிருப்பார்.

இனி அழகு. தமிழில் அழகு என்பது கண்ணோடு நின்றுவிடுவதில்லை. எது எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருப்பது அழகு. "பெரிய மனுஷனுக்கு இது அழகா?" என்று கேட்கும்போது அவருடைய மூக்கையும் நெற்றியையும் யாரும் பார்ப்பதில்லை. அவர் இருக்கும் இடத்துக்கு அந்தக் காரியம் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி. இது பழைய வழக்கு. பதினாறாம் நூற்றாண்டில் தென்காசிப் பாண்டியர் அதிவீரராமர் எழுதிய வெற்றி வேற்கையில் கல்விக்கு அழகு கசடற மொழிதல், செல்வர்க்கு அழகு செழுங்கிளை தாங்குதல், மன்னவர்க்கு அழகு செங்கோல் முறைமை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். அந்தப் பட்டியலில் முகம் என்ற பேச்சே இல்லை.

அன்றாடப் பேச்சில் இந்தப் பொருத்தம் இன்னும் தளர்வாக வரும். "அழகா ரெண்டு வார்த்தை பேசிட்டு உட்கார்ந்தான்" என்றால் அளவாக, சொல்ல வேண்டியதை மட்டும் பேசினான் என்று அர்த்தம். "அழகா வீட்ல இருந்திருக்கலாம், இந்த வெயில்ல கிளம்பி வந்தேன் பாரு" என்று ஒருவர் புலம்பினால், பேசாமல் வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்கிறார். இந்த 'அழகா'வை 'பேசாம', 'சிவனேன்னு' என்பவற்றோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அழகு பார்ப்பது. பேத்திக்குத் தன் சங்கிலியைப் போட்டுவிட்டுப் பாட்டி தள்ளி நின்று பார்ப்பாள் அல்லவா, அது அழகு பார்ப்பது. இந்தத் தொடரைக் கட்சி மேடைகள் அப்படியே எடுத்துக்கொண்டன. "சாதாரணத் தொண்டனை அமைச்சராக்கி அழகு பார்த்தவர் நம் தலைவர்" என்பதைக் கேட்காத தமிழ்க் காது கிடையாது. பேத்தியின் இடத்தில் அமைச்சர் இருப்பதை யாரும் கவனிப்பதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 'அழகு காட்டுவது'. வெளியூரில் வளர்ந்த யாரும் இதை ஊகிக்க முடியாது. வாயைக் கோணி, கண்ணை உருட்டி, நாக்கை நீட்டி ஒருவரைக் கேலி செய்வதுதான் அழகு காட்டுவது. "டீச்சர், இவன் எனக்கு அழகு காட்டுறான்" என்பது வகுப்பறைப் புகார். பழிப்புக் காட்டுவது, வலிச்சம் காட்டுவது என்றும் ஊருக்கு ஊர் சொல்வார்கள். முகத்தை எவ்வளவு கோரமாக்க முடியுமோ அவ்வளவு கோரமாக்குவதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் அழகு. குத்தலாகச் சொல்வதில் நம் ஆட்களை மிஞ்ச முடியாது: "நல்லா இருக்கு உன் நியாயம்", "ரொம்ப அழகுதான் போ". சொல் நல்லதாக இருக்கும், குரலைக் கேட்டால்தான் தெரியும்.

எழில், கவின், வனப்பு, பொலிவு எல்லாம் வேறு வீட்டுச் சொற்கள். பேச்சில் வராது. "அந்தப் பொண்ணு எழிலா இருக்கா" என்று டீக்கடையில் சொன்னால் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் செத்த சொற்களும் அல்ல. மனைப்பிரிவுக்கு எழில் நகர் என்று பெயர் வைப்பார்கள். கடையை இடித்துக் கட்டித் திறந்தால் 'புதுப்பொலிவுடன்' என்று பேனர் வைப்பார்கள். இந்தச் சொல் இல்லாமல் தமிழ்நாட்டில் எந்த ஜவுளிக்கடையும் மறுதிறப்பு கண்டதில்லை என்றே நினைக்கிறேன். கவின் இப்போது பையன்களின் பெயர். அதோடு, சென்னையில் 1850-ல் தொடங்கிய ஓவியப் பள்ளிக்கு இன்றைய பெயர் அரசு கவின் கலைக் கல்லூரி. உங்கள் கும்பகோணத்திலும் ஒன்று இருக்கிறது, போகிற வழியில் பலகையைப் பாருங்கள்.

இந்தச் சொற்களுக்குள் பழைய உரைகாரர்கள் நுணுக்கமாக வேறுபாடு பார்த்திருக்கிறார்கள். வனப்பு என்பது பல உறுப்பும் ஒன்றுதிரண்ட இடத்தில் தோன்றும் அழகு. கண் தனியாக, மூக்கு தனியாக அழகாக இருப்பது வனப்பாகாது, மொத்தமும் கூடி வர வேண்டும். எழில் என்பது வளர்ச்சி முடிந்த பிறகும் இன்னும் வளர்ந்துகொண்டே இருப்பது போலத் தோன்றும் அழகு. தொல்காப்பியத்தின் செய்யுளியல், நூல்களுக்குரிய வனப்பு எட்டு என்று சொல்லி அம்மை, அழகு, தொன்மை, தோல், விருந்து, இயைபு, புலன், இழைபு என்று பட்டியல் போடுகிறது. அங்கே 'அழகு' எட்டில் ஒன்றாக அடங்கிவிடுகிறது, செய்யுளுக்குரிய சொற்களால் சீராக யாத்த பாட்டுக்கு அது பெயர். இதை இங்கே சொல்வதற்குக் காரணம், இந்த வேறுபாடு பேச்சில் அழியாமல் இருக்கிறது என்பதுதான், சொற்கள் மட்டும் மாறிவிட்டன. "தனித்தனியாப் பார்த்தா ஒண்ணுமில்ல, ஆனா ஆளு லட்சணமா இருக்கா" என்று பெண் பார்த்துவிட்டு வந்த ஒரு சித்தி சொன்னால், அவர் சொல்வது வனப்பைத்தான்.

லட்சணத்துக்கு வந்துவிட்டோம். இதுதான் நுட்பமான சொல். வடமொழியில் லக்ஷணம் என்றால் அடையாளம், குறி. அதையே தமிழ் இரண்டாக எடுத்து வைத்துக்கொண்டது. இலக்கணம் என்று எழுதினால் புத்தகத்தில் இருப்பது, லட்சணம் என்று சொன்னால் முகத்தில் இருப்பது. இன்னொரு வேடிக்கை, விகாரமும் அப்படித்தான். வடமொழியில் வெறும் மாற்றம். நம் இலக்கணத்திலும் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்று விகாரங்கள் உண்டு. எழுத்துக்கு வந்தால் புணர்ச்சி, முகத்துக்கு வந்தால் விபத்துச் செய்தி.

நான் பல வருஷம் ஒரு பத்திரிகையில் பிழை திருத்தினேன். வரன் விளம்பரங்களும் என் மேஜை வழியாகத்தான் போகும். வரிக்கு இவ்வளவு என்று காசு, அதனால் பெற்றோர்கள் ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டுக் கொடுப்பார்கள். அங்கே அழகு, லட்சணம் இரண்டும் ஒரே சொல் இல்லை என்பது நன்றாகத் தெரியும். 'அழகான' என்று போட்டால் வருகிறவர்கள் ஒரு எதிர்பார்ப்போடு வருவார்கள். 'லட்சணமான' என்று போட்டால் குடும்பப்பாங்கு, திருத்தமான முகம், கண்ணுக்கு உறுத்தாத தோற்றம் என்று எடுத்துக்கொள்வார்கள், யாரும் வந்து சண்டை போட முடியாது. நிறத்தைச் சொல்ல 'சிவந்த', 'மாநிறம்' என்ற இரண்டுதான். வெளுப்பை நாம் சிவப்பு என்கிறோம் என்பதை நினைவில் வையுங்கள். "சுண்டினா ரத்தம் வர்ற நிறம்", "செக்கச் செவேல்னு இருப்பான்" என்பதெல்லாம் அந்த வகை. கறுப்பு என்று அச்சில் வந்த விளம்பரம் ஒன்றுகூட என் நினைவில் இல்லை. கறுப்பாக இருப்பவர்கள் எல்லாரும் மாநிறத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சங்கப் பாட்டில் தலைவியின் அழகுக்குப் பெயர் மாமை. மாந்தளிர் போன்ற நிறம் என்று உரை சொல்வார்கள். மாயோன் என்ற பெயரில் இருக்கும் அதே கருமை அதிலும் உண்டு. குறுந்தொகை 27-ல் தலைவி தன் 'மாமைக் கவின்' வீணாகப் போகிறதே என்கிறாள். பசுவின் நல்ல பால் கன்றும் குடிக்காமல் கலத்திலும் கறக்காமல் மண்ணில் சிந்தின மாதிரி, எனக்கும் ஆகாமல் என் தலைவனுக்கும் உதவாமல் பசலை தின்கிறது என்கிறாள். பசலை என்றால் வெளிறிப்போவது. அதாவது மாமைதான் அழகு, வெளுப்பு நோய். அங்கிருந்து நாம் வந்து சேர்ந்த இடம் 1975-ல் சந்தைக்கு வந்து, 2020-ல் பெயரில் இருந்த சிவப்பை மட்டும் எடுத்துவிட்ட அந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' க்ரீம். நடுவில் மிச்சம் இருப்பது 'களை' மட்டும்தான். "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று சொல்கிறோமே, அந்த 'இருந்தாலும்' எனக்குப் பிடிக்காது, ஆனால் களை நல்ல சொல். முகத்துக்குள்ளிருந்து வரும் வெளிச்சம் அது. தூக்கமில்லாவிட்டால் களை போகும், வேலை கிடைத்தால் களை வரும். ஆள் மட்டுமில்லை, பொங்கலுக்கு முந்தைய நாள் கரும்புச் சந்தை களைகட்டும், கல்யாண வீடு களைகட்டும். அங்கே எழில்கட்டாது, அழகுகட்டாது. களைதான் கட்டும்.

ஆண்களுக்குச் சொல்லும் சொற்களில் சரக்கு குறைவு. வாட்டசாட்டம், கம்பீரம், "ஆஜானுபாகுவா இருப்பார்" என்பவை உயரத்தையும் உடம்பையும்தான் பேசுகின்றன. ஆணழகன் என்ற பட்டம்கூடத் தசையை முறுக்கிக் காட்டுபவருக்குத்தான். பெண்பால் 'அழகி' வேறு விதமாகச் சீரழிந்தது. 1994-ல் ஐஸ்வர்யா ராய் உலக அழகி, சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகி என்று தலைப்புப் போட்ட அதே பத்திரிகைகள், விடுதியில் போலீஸ் சோதனை நடந்தால் "அழகிகள் மீட்பு" என்றும் போட்டன. நான் திருத்திய பக்கங்களிலும் வந்திருக்கிறது. 'பெண்கள்' என்று மாற்றி அனுப்புவேன், காலையில் அச்சில் 'அழகிகள்' என்றே இருக்கும்.

இப்போது மறுபக்கம். அழகு என்றால் பொருத்தம் என்று சொன்னேன். அதனால் பொருத்தம் எப்படிக் கெட்டது என்பதைப் பொறுத்து மறுபக்கத்தில் தனித்தனிச் சொல் இருக்கிறது, மொத்தத்துக்கும் ஒரே சொல் இல்லை. ஒழுங்கு குலைந்தால் அலங்கோலம். சொல்லிலேயே கோலம் இருக்கிறது பாருங்கள். மணக்கோலம் என்றால் மாலையும் கழுத்துமாக நிற்பது, "என்ன கோலம் இது" என்றால் தலை வாராமல் சட்டை பட்டன் மாறிப் போட்டு நிற்பது. விருந்தாளிகள் போன மறுநாள் வீடு அலங்கோலம். முகத்தை அலங்கோலம் என்று சொல்ல மாட்டோம், தலைமுடியையும் உடுப்பையும்தான் சொல்வோம். இருக்க வேண்டிய லட்சணம் இல்லாவிட்டால் அவலட்சணம். இப்போது கிழவிகள் வாயில்தான் இருக்கிறது, அதுவும் நல்ல நாளில் தலைவிரி கோலமாக வாசலில் நிற்கும் பெண்ணைத் திட்ட. பார்க்கவே முடியாவிட்டால் கண்றாவி. கண்ணராவி என்பதன் சுருக்கம், கண்ணை அராவுவது, அதாவது அரம் போட்டுத் தேய்ப்பது என்று பிரித்துச் சொல்வார்கள். பழைய ஆட்கள் பரிதாபமான காட்சிக்குச் சொன்னது. இப்போது பரிதாபம் உதிர்ந்துபோய் எரிச்சல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. "என்னடா கண்றாவி இது" என்று ஒரு சட்டையைச் சொல்லலாம், ஒரு பாட்டைச் சொல்லலாம், ஒரு சாம்பாரைக்கூடச் சொல்லலாம். நண்பனிடம் மட்டும். அத்தையிடம் வேண்டாம்.

இளைஞர்கள் இன்று அதிகம் சொல்வது கேவலம். "இந்த போட்டோல நான் கேவலமா இருக்கேன், டெலீட் பண்ணு." என் வயதுக்காரர்களுக்கு இது தூக்கிவாரிப்போடும், ஏனென்றால் கேவலம் எங்களுக்கு மானக்கேடு. ஆனால் அதுவும் மூலப்பொருள் அல்ல. வடமொழியில் கேவலம் என்றால் வெறும், மட்டும் என்றுதான் பொருள். "கேவலம் நூறு ரூபாய்க்காகச் சண்டை போட்டான்" என்னும்போது அந்தப் பழைய பொருள் அப்படியே இருக்கிறது. வெறும் என்பதிலிருந்து அற்பம், அற்பத்திலிருந்து இழிவு, இழிவிலிருந்து போட்டோவில் மூஞ்சி சரியாக விழாதது. கல்லூரிப் பையன்களின் அட்டு, மொக்கை எல்லாம் வந்து வந்து போகும். மொக்கை முதலில் முனை மழுங்கிய கத்திக்குச் சொன்னது. பெண்களைத் தரம் பிரிக்க இவற்றைப் பயன்படுத்தும் பழக்கம் போனால் சொல்லுக்கு நல்லது.

மூதேவி என்று திட்டுவதையும் சேர்த்துக்கொள்ளலாம். தூங்கி வழிந்துகொண்டு, குளிக்காமல், விளக்கு வைத்த நேரத்தில் படுத்துக்கிடந்தால் அது மூதேவி, குளித்துப் பொட்டு வைத்துப் பளிச்சென்று வந்து நின்றால் மகாலட்சுமி. மூதேவி ஒரு காலத்தில் வணங்கப்பட்டவள்; தவ்வை, சேட்டை என்றும் பெயர். பல்லவர் காலத்துக் காஞ்சி கைலாசநாதர் கோயிலில் அவளுக்குச் சிற்பம் இருக்கிறது. குறளிலேயே அவளுக்குக் கெட்ட பெயர்தான், பொறாமைக்காரனைத் திருமகள் தன் தவ்வையிடம் காட்டிவிட்டுப் போய்விடுவாள் என்று வருகிறது. இங்கேயும் பாருங்கள், மூதேவி என்பதற்கு மூக்கு கோணல் என்று அர்த்தமில்லை. சோம்பல், அழுக்கு, வறுமை.

ஆக ஒரு மனிதரின் முகம் அழகாக இல்லை என்பதை மட்டும், வேறு பழி எதுவும் சேர்க்காமல் சொல்ல வேண்டும் என்றால் நம் கையில் இருப்பது ஒரே ஒரு சொல்: சுமார். பாரசீகத்தில் எண்ணிக்கை என்ற பொருளில் இருந்து வந்தது, "சுமார் நூறு பேர்" என்பதில் அதைக் காணலாம். "பொண்ணு எப்படி?" "சுமார்தான். ஆனா குணம் தங்கம்." இந்தப் பதிலைக் கேட்டவர்கள் எல்லாருக்கும் அர்த்தம் தெரியும், யார் மனமும் பெரிதாகப் புண்படாது. பெரியவர்கள் பேச்சில் இதற்கு மேல் போகும் சொல் எதையும் மரியாதையானவர்கள் ஒரு ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டார்கள்.

அழகு என்று சொல்வதிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு, புது மருமகள் என்பதால் சொல்லிவைக்கிறேன். கைக்குழந்தையைப் பார்த்து "எவ்வளவு அழகு, கொழுகொழுன்னு இருக்கு" என்று வாய் நிறையச் சொன்னால் பாட்டி முகம் சுருங்கும். கண்ணு பட்டுவிடும். அதற்குத்தான் கன்னத்தில் ஒரு மைப்பொட்டு, உள்ளங்காலில் ஒரு பொட்டு. முகத்தில் ஒரு குறையை நாமே வைத்துவிட்டால் பார்க்கிறவன் கண் அதில் போய் நிற்கும் என்பது கணக்கு. புதிதாகக் கட்டும் வீட்டில் முழி பிதுங்கி, மீசை முறுக்கி, நாக்குத் தொங்க ஒரு பூதத்தின் முகத்தை மாட்டுவதும் அதே கணக்கு. முன்பெல்லாம் பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில் அடுத்த பிள்ளைக்குக் குப்பன், குப்பம்மாள், பிச்சை என்று பெயர் வைத்ததும் இதனால்தான், எமனுக்கும் எடுத்துப்போக மனசு வராதாம். குழந்தையைக் கொஞ்ச வேண்டுமென்றால் தொட்டு நெட்டி முறித்துவிட்டு அப்புறம் கொஞ்சுங்கள். பாட்டிக்கு உங்களைப் பிடித்துவிடும்.

சாமிக்கு மட்டும் இந்தத் தடை கிடையாது, எத்தனை முறை வேண்டுமானாலும் அழகு என்று கூப்பிடலாம். மதுரையைப் பாருங்கள். கோயிலில் இருப்பவர் வடமொழியில் சுந்தரேசுவரர், தமிழில் சொக்கநாதர். சுந்தரம் என்றாலும் அழகு, சொக்கு என்றாலும் அழகு. அங்கிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி மலையடிவாரத்தில் இருக்கும் பெருமாள் அழகர். சித்திரை மாதம் அவர் ஆற்றில் இறங்க வரும்போது இத்தனை அழகும் ஒரே ஊரில் கூடும். சொக்கு என்ற சொல் "சொக்கிப்போயிட்டான்", சொக்குப்பொடி, சொக்கத் தங்கம் என்று நம் பேச்சிலும் இருக்கிறது. சொக்கத் தங்கத்தில் அது கலப்பில்லாதது என்ற பொருளில் நிற்கிறது.

கடைசியாக உங்கள் தோழியின் வடிவு. யாழ்ப்பாணத்துப் பேச்சில் நாம் அழகு என்று சொல்லும் பெரும்பாலான இடங்களில் வடிவு வரும். "வடிவான பிள்ளை", "சாறி வடிவாக் கிடக்கு". தமிழ்நாட்டில் இந்தச் சொல் பெயர்களுக்குள் போய்த் தங்கிவிட்டது: வடிவு, வடிவாம்பாள், திருவொற்றியூர் வடிவுடையம்மன். மற்றபடி நமக்கு வடிவம் என்றால் உருவம்தான். அவர்களோ அதை அழகிலிருந்து இன்னும் ஒரு படி நகர்த்தி, ஒரு செயல் குறைவில்லாமல், முழுசாக நடப்பதற்கு வைத்துக்கொண்டார்கள். "வடிவாப் பாருங்கோ" என்றால் நன்றாகக் கவனித்துப் பாருங்கள். "வடிவாத் தெரியாது" என்றால் உறுதியாகத் தெரியாது. "வடிவாக் கேட்டுக்கொண்டு வா" என்றால் ஒன்றுவிடாமல் விசாரித்து வா. அப்படியானால் "வடிவாச் சாப்பிடுங்கோ" என்பது கூச்சப்படாமல் வயிறாரச் சாப்பிடுங்கள் என்பது. நாம் பிள்ளைகளிடம் "அழகா சாப்பிடு" என்றால் சிந்தாமல் சாப்பிடு என்று அர்த்தம், இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அழுக்குக்கு அவர்கள் ஊத்தை என்பார்கள், தொல்லையும் அருவருப்பும் கலந்ததற்கு அரியண்டம் என்பார்கள், இந்த இரண்டையும் அவளுடைய சமையல் பக்கத்தில் வைத்துச் சொல்லிவிடாதீர்கள். இன்னொன்று, வயிறு நிறைந்துவிட்டால் "காணும்" என்று சொல்லுங்கள். நம்முடைய போதும் அவர்களுக்குக் காணும்.